மோட்டார் வாங்கும் முன்: எந்தத் தண்ணீருக்கு எந்தப் பம்ப்?

கடைக்குள் நுழைந்ததும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை எச்பி வேணும்?" பக்கத்துத் தோட்டத்தில் ஐந்து ஓடினால் நாமும் ஐந்து என்கிறோம். கிணறு கொஞ்சம் ஆழம் என்றால் ஏழரை என்கிறோம். அரை மணி நேரத்தில் வண்டியில் ஏற்றியாகிவிடும். அந்த அரை மணி நேரம்தான் அடுத்த பத்து வருஷத்துத் தண்ணீரையும் மின்செலவையும் நம் ராத்தூக்கத்தையும் முடிவு செய்கிறது. எச்பி என்பது கணக்கின் கடைசி வரியில் வரவேண்டிய விடை. அதை முதல் வரியில் எழுதிவிட்டால் பிறகு எந்த மோட்டாரை எடுத்தாலும் குருட்டாம்போக்குதான்.

பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்பதில் தவறே இல்லை. தண்ணீரில் மணல் வருமா, வோல்டேஜ் எந்த நேரத்தில் படுக்கும், எந்த மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) எத்தனை வருஷம் தாங்கியது, கூப்பிட்டால் மெக்கானிக் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தக் கம்பெனித் தாளிலும் இது இருக்காது. ஆனால் அவர் கிணற்றின் ஆழம் வேறு, அவர் பைப்பின் நீளம் வேறு. அவரிடம் அனுபவத்தை வாங்கலாம், அளவை வாங்கக்கூடாது.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திறந்த கிணறு. கரையில் 5 எச்பி மோனோபிளாக், அதாவது மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது. அங்கிருந்து மேட்டு வயலுக்கு ஏறக்குறைய 100 மீட்டர் தூரம் 2 இஞ்ச் பைப். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிடும். மோட்டார் பத்தவில்லை, ஏழரை போடுங்கள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். போட்டோம். 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து நிரம்பும் நேரத்தைப் பார்த்தேன். பழைய மோட்டாரில் 33 நொடி. புதியதில் 30 நொடி. இரண்டரை எச்பி கூடுதலாகக் கொடுத்து மூன்று நொடி வாங்கியிருந்தோம்.

கோளாறு மோட்டாரில் இல்லை, பைப்பில் இருந்தது. நொடிக்கு 6 லிட்டர் தண்ணீர் 2 இஞ்ச் உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் பைப்பில் 100 மீட்டர் போனால், உராய்விலேயே 16 மீட்டருக்கு மேல் ஹெட் (பம்பு தண்ணீரை ஏற்றவேண்டிய உயரக் கணக்கு) போய்விடும். அதாவது 50 அடிக்கு மேல். தரையில் படுத்திருக்கும் பைப்புக்காக மோட்டார் இன்னொரு கிணற்றின் ஆழத்தைச் சேர்த்து இறைத்துக்கொண்டிருந்தது. அதே தண்ணீர் 3 இஞ்ச் பைப்பில் போனால் இழப்பு 2 மீட்டரை ஒட்டித்தான் வரும். பைப்பை மாற்றிவிட்டுப் பழைய ஐந்தையே திரும்ப மாட்டினோம். டிரம் 24 நொடியில் நிரம்பியது.

ஒன்றரை மடங்கு அகலத்துக்கு உராய்வு ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே மோட்டாருக்கும் பைப்புக்கும் ஒரே பையிலிருந்துதான் பணம் போகிறது என்றால், முதலில் பைப்புக்குப் போகட்டும் என்பேன். பைப்பில் தண்ணீரின் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டரைச் சுற்றி இருந்தால் நல்லது. எங்கள் 2 இஞ்ச் பைப்பில் அது 3 மீட்டராக இருந்தது. ஒவ்வொரு வளைவும், பாதி திறந்த வால்வும், உறிஞ்சும் பைப்பின் அடியில் குப்பை அடைத்த ஃபுட்வால்வும் இதே கணக்கில்தான் சேரும்.

ஹெட்: கிணற்றின் ஆழம் அல்ல

"கிணறு அறுபது அடி" என்று கடையில் சொன்னால் அவர் அறுபது அடிக்கான மோட்டாரை எடுத்துத் தருவார். பம்புக்கு வேண்டிய கணக்கு அதுவல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து, தண்ணீர் விழ வேண்டிய மிக உயர்ந்த இடம் வரை உள்ள உயரம் முதல் பகுதி. பைப்பின் உராய்வு இரண்டாவது. சொட்டுநீர், தெளிப்பான் என்றால் அதற்கு வேண்டிய அழுத்தம் மூன்றாவது. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் என்பது 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். சொட்டுநீருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ வேண்டும், அதாவது 10 முதல் 15 மீட்டர். சுழலும் தெளிப்பானுக்கு 20 முதல் 30 மீட்டர். வாய்க்காலில் பாய்ச்ச வாங்கிய மோட்டாரைப் பிறகு சொட்டுநீரோடு இணைத்துவிட்டு, கடைசி வரிசைச் செடி வாடுகிறதே என்று திகைப்பவர்கள் இந்த மூன்றாவது பகுதியை விட்டவர்கள்.

முதல் பகுதியை அளக்கும்போது ஒரு கவனம் வேண்டும். காலையில் எட்டிப் பார்த்தால் தெரியும் மட்டம் ஓய்வு மட்டம். இரண்டு மூன்று மணி நேரம் ஓடியபின் அது எவ்வளவோ கீழே போயிருக்கும். கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கோடையின் கடைசியில், மோட்டார் ஓடும்போதே இறக்கிப் பாருங்கள். மோட்டார் வாங்குவதற்கு முந்தைய வேலைகளில் செலவே இல்லாதது இதுதான். பலரும் செய்யாமல் விடுவதும் இதுதான்.

ஊற்றுக்கு ஒரு கணக்கு, பயிருக்கு ஒரு கணக்கு

ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 1,02,800 லிட்டர் வேண்டும். இரண்டு அங்குலம் பாய்ச்ச இரண்டு லட்சத்துச் சொச்சம். நொடிக்கு 6 லிட்டர் தரும் பம்பு மணிக்கு 21,600 லிட்டர் தரும். வாய்க்காலில் குடித்தது போக என்று கூடப் பார்க்காமலே ஒன்பதரை மணி நேரம் ஆகும். அதே ஏக்கரில் பயிர் முழுசாகக் கவிந்து, நாளுக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கிறது என்று வைத்தால் சொட்டுநீரில் நாளுக்கு 20,000 லிட்டர் போதும். பாய்ச்சும் முறையை மாற்றினால் மோட்டாரின் அளவே மாறிப்போகும். அதனால் பம்பைப் பற்றி யோசிக்கும்போதே பாத்தியா, சொட்டா என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டவர்கள் "இத்தனை இஞ்ச் தண்ணி" என்று கேட்டிருப்பார்கள். அது பைப்பின் இஞ்ச் அல்ல. வி வடிவில் வெட்டிய தகட்டின் மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் வழிகிறது என்ற அளவு. 90 டிகிரி வெட்டு என்றால் 2 இஞ்ச் வழிவு மணிக்கு 2,900 லிட்டரை ஒட்டி. 3 இஞ்ச் ஏறக்குறைய 8,000 லிட்டர். 4 இஞ்ச் 16,000 லிட்டரைத் தாண்டும். இரண்டு நான்கானால் தண்ணீர் இரட்டிப்பாவதில்லை, ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது. இந்தக் கணக்கு புரியாமல் "ரெண்டு இஞ்ச் இருக்கு, கொஞ்சம் பெரிய மோட்டாரா போட்டுடலாம்" என்று இறக்கியவர்களின் போர்தான் இருபது நிமிஷத்தில் காற்று வாங்குகிறது. அதோடு, டிரில் போடும்போது காற்றடித்துத் தள்ளும் தண்ணீர் அந்த நேரத்துத் தண்ணீர். தொடர்ந்து பல மணி நேரம் ஓட்டி, மட்டம் ஓரிடத்தில் நின்றபின் வருவதுதான் போரின் உண்மையான ஊற்று.

இந்த அளவுகள் கையில் வந்துவிட்டால் எச்பி தானாக வந்துவிடும். நொடிக்கு எத்தனை லிட்டரோ அதை மீட்டரில் உள்ள மொத்த ஹெட்டால் பெருக்கி 75-ஆல் வகுங்கள். நொடிக்கு 6 லிட்டர், 30 மீட்டர் என்றால் 2.4 எச்பி. இது தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய வேலை. பம்பின் திறன் 55 சதவீதம் என்றால் 4.4 எச்பி வேண்டும், 5 எச்பி மோட்டார் போதும். திறன் 40 சதவீதம்தான் என்றால் 6 எச்பி வேண்டும், ஏழரைக்குப் போகவேண்டிவரும். கிணறும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. ஆனால் மோட்டாரின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் முன்னது மணிக்கு 4 யூனிட் தின்னும், பின்னது ஐந்தரை. வருஷத்துக்கு 1,000 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் 1,500 யூனிட். இரண்டு பம்பின் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

கரையில் நிற்பதா, தண்ணீரில் கிடப்பதா

கரையில் நிற்கும் மோனோபிளாக்கின் பெரிய நன்மை, எல்லாமே கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது. சீல் ஒழுகினால் உட்கார்ந்து மாற்றலாம். சத்தம் மாறினால் காதில் விழும். அதன் எல்லையை வகுப்பது எந்தக் கம்பெனியும் அல்ல, காற்று. பம்பு தண்ணீரை உறிஞ்சுவதாக நாம் சொன்னாலும், உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைப் பைப்புக்குள் தள்ளி ஏற்றுகிறது. 10 மீட்டருக்கு மேல் உறிஞ்சு பம்பில் தண்ணீர் ஏறமாட்டேன் என்கிறதே என்ற புதிர் கலிலியோ காலத்திலேயே இருந்தது. அவருடைய சீடர் டோரிசெல்லி 1643-ல் பாதரசக் குழாயை வைத்துக் காற்றுக்கு எடை உண்டு என்று காட்டினார். கடல் மட்டத்தில் அந்த எல்லை 10.3 மீட்டர். நடைமுறையில் உராய்வும் சூடும் போக 6 அல்லது 7 மீட்டர், அதாவது 20 முதல் 23 அடிதான் கணக்கு. மலைப்பகுதியில் 1,000 மீட்டர் ஏறினால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் குறையும். எத்தனை எச்பி போட்டாலும் இந்த எல்லை நகராது.

கோடையில் மட்டம் இறங்கியதும் பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல ஒரு சத்தம் கேட்கும். கல் எதுவும் உள்ளே போகவில்லை. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் ஆவிக் குமிழாகி, அடுத்த கணமே உடைந்து, தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கொத்துகிறது. அப்படி ஓடிய இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் கரையான் அரித்த பலகை போல இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் மோட்டாரைக் கீழே இறக்குங்கள், அல்லது தண்ணீருக்குள்ளேயே ஓடும் நீர்மூழ்கிப் பம்புக்கு (சப்மெர்சிபிள்) மாறுங்கள்.

கிணற்றுக்குள்ளேயே கிடக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் ஊற்றி ஓட்டவேண்டாம், ஃபுட்வால்வு வேண்டாம், மழைக்காலத்தில் மட்டம் ஏறி மோட்டார் மூழ்கிவிடுமோ என்று நடுராத்திரி டார்ச்சோடு ஓடவேண்டாம். மட்டம் பருவத்துக்குப் பருவம் இருபது முப்பது அடி ஏறி இறங்கும் கிணறு என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். இதன் குறை, பழுதென்றால் தூக்கித்தான் பார்க்கவேண்டும் என்பது. சேறு நிறைந்த கிணற்றில் அடியில் படுக்க வைத்தால் சேறு மூடிச் சூடேறிக் காயில் போகும். ஒரு மேடை கட்டி வைக்கவேண்டும். மட்டம் வருஷம் முழுக்க 20 அடிக்குள்ளேயே நிற்கும் கிணறு, ஆற்றோரம், குட்டை என்றால் கரையிலேயே மோனோபிளாக் நிற்கட்டும். அதைவிட எளியது எதுவும் இல்லை.

ஆழமான போருக்கு நீர்மூழ்கி தவிர வேறு பேச்சில்லை. ஆனால் அதில் பார்க்கவேண்டியவை பல. ஒன்றன்மேல் ஒன்றாக இம்பெல்லர்களை அடுக்கித்தான் ஹெட் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு ஸ்டேஜும் கொஞ்சம் கொஞ்சம் உயரம் சேர்க்கும். ஒரே 5 எச்பியில் ஸ்டேஜ் குறைவான பம்பு நிறையத் தண்ணீரைக் குறைந்த உயரத்துக்குத் தரும், ஸ்டேஜ் அதிகமான பம்பு குறைந்த தண்ணீரை அதிக உயரத்துக்குத் தரும். ஆகவே "5 எச்பி சப்மெர்சிபிள்" என்ற பெயர் மட்டும் எதையும் சொல்லிவிடாது. போரின் விட்டத்துக்குள் மோட்டார் உரசாமல் இறங்கவேண்டும். அதேசமயம் மோட்டாரின் மேல் தண்ணீர் ஓடினால்தான் அது குளிரும். அகலமான கிணற்றிலோ பெரிய விட்டப் போரிலோ தொங்கவிட்டால், மோட்டாரைச் சுற்றி ஓர் உறை பைப் மாட்டித் தண்ணீரை அதன் உடம்பை உரசிப் போக வைக்கவேண்டும். அடித்தரைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துவதும், தண்ணீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால் இறக்கும் முன் சுத்தமான தண்ணீர் நிரப்பிவிட்டோமா என்று பார்ப்பதும் சின்ன வேலைகள்தான். அவசரத்தில் மறப்பதும் அவற்றைத்தான்.

மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடியிலுள்ள தண்ணீரை இழுக்கும் ஜெட் பம்பும், போருக்குள் காற்றடித்துத் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசரும் திறனில் மிகவும் பின்னால் நிற்பவை. கம்ப்ரசர் தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்குவதிலேயே போய்விடும். ஆனால் போர் வளைந்து மோட்டார் இறங்காத இடத்தில், மணல் கொட்டும் இடத்தில், போருக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லாத கம்ப்ரசர்தான் கைகொடுக்கும். வேறு வழியில்லாதபோது எடுக்கவேண்டிய வழி அது. ஆற்றிலிருந்தோ கால்வாயிலிருந்தோ நான்கைந்து மீட்டர் மட்டும் ஏற்றி ஏராளமாகப் பாய்ச்சுபவர்கள் மிக்ஸ்ட் ஃப்ளோ பம்பைக் கேட்டு வாங்கவேண்டும். அந்த வேலைக்குச் சாதாரணப் பம்பை வைப்பது சின்னக் குடத்தால் குளத்தை இறைப்பதுபோல.

மின்சாரம், டீசல், சோலார்

நம்பத் தகுந்த மின்இணைப்பு வாசலில் இருந்தால் அதுவே போதும். ஓடும் செலவிலும் பராமரிப்பிலும் மின்மோட்டாரை டீசல் எட்டிப்பிடிக்காது. டீசலின் நியாயம் வேறு. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் இறைப்பவருக்கு, மூன்று இடங்களில் துண்டு நிலம் வைத்திருப்பவருக்கு, ஆற்றோரம் தூக்கிக்கொண்டு போய் வைத்து இறைப்பவருக்கு டீசல்தான் சரி. முழுச் சுமையில் 5 எச்பி எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். வருஷத்துக்கு 100 மணி நேரம் ஓடினால் அது தாங்கும். 1,000 மணி நேரம் என்றால் தாங்குமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். உறிஞ்சும் உயரம் பத்தவில்லை என்று எஞ்சினைக் கிணற்றுப் படியிலோ குழியிலோ இறக்கி வைத்து ஓட்டாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமில்லை, நிறமில்லை. எஞ்சினை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். எந்தப் பயிரும் அதற்கு ஈடில்லை. மட்டம் ஆழமாக இருந்தால் டீசல் உங்களுக்கான வழியே அல்ல.

சோலாரைப் பற்றி இரண்டு பக்கமும் மிகையாகவே பேசுகிறார்கள். அதன் அடிப்படை எளிது: ஒரு எச்பிக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட் பேனல் வேண்டும், தண்ணீர் வெயிலைப் பின்தொடரும். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் வரும் தண்ணீர் ஒன்றல்ல. சுழலும் இம்பெல்லர் தரும் ஹெட், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். வெயில் குறைந்து வேகம் 70 சதவீதமானால் ஹெட் பாதியாகிவிடும். ஆழமான போரில் இதன் அர்த்தம், மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மேலே எட்டாது. கிணறு ஆழமில்லை என்றால் காலையிலேயே கொட்டத் தொடங்கும். ஆகவே சோலார் வாங்குபவருக்கு ஹெட் கணக்கு இரட்டிப்பு முக்கியம். ஆழம் அதிகம், தேவை குறைவு என்றால் திருகு வடிவ ரோட்டர் உள்ள பம்பு கிடைக்கிறது. அது மெதுவாகச் சுற்றினாலும் கொஞ்சமாவது தண்ணீரை மேலே ஏற்றிவிடும்.

பேட்டரி வேண்டாம், தொட்டி கட்டுங்கள். பகலில் வரும் தண்ணீரை உயரத்தில் சேர்த்து வைத்தால் அதுவே பேட்டரி, அது பத்து வருஷத்திலும் வலு குறையாது. பேனலைத் துடைக்க ஆள் உண்டா, நிழல் விழும் மரம் உண்டா, கன்ட்ரோலர் போனால் சரிசெய்ய யார் இருக்கிறார் என்பவற்றையும் முன்பே கேட்டுவிடுங்கள். நிறுத்திவிட்டுப் போனால் வயிறு எரியுமே என்று, செலவில்லாத வெயிலில் நாள் முழுக்க ஓட்டத் தோன்றும். ஊற்று அதைத் தாங்குமா என்று பார்த்து ஓட்டுங்கள். கரண்ட் எட்டாத நிலம், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கேட்கும் பழமரம் அல்லது சொட்டுநீர், ஒரு தொட்டி, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் சோலாரைத் தயங்காமல் எடுக்கலாம். ஒரே நாளில் வயல் நிறையத் தண்ணீர் கட்டவேண்டும் என்பவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

காயில் ஏன் போகிறது

எரிந்த மும்முனை மோட்டாரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்டார் இணைப்பில் மூன்று பேஸ் காயில்களில் இரண்டு கரிக்கட்டையாகவும் ஒன்று இன்று கட்டியதுபோலப் பளபளப்பாகவும் இருந்தால், ஒரு பேஸ் போனது தெரியாமல் மற்ற இரண்டிலும் ஓடியிருக்கிறது என்று பொருள். மோட்டார் நல்ல மோட்டார்தான், காவல் இல்லாமல் செத்தது. பேஸ் போனால் நிறுத்தும் கருவியும், தண்ணீர் வற்றினால் நிறுத்தும் கருவியும் மோட்டார் விலையில் சிறு துளி. அடுத்த எச்பிக்குப் போகும் பணத்தில் இவற்றை வாங்குங்கள்.

வோல்டேஜ் குறைவான இடத்தில் மோட்டாரின் இழுவை அந்தக் குறைவின் வர்க்கத்தில் விழும். பத்து சதவீதம் குறைந்தால் இழுவை 81 சதவீதமாகும். சுமை அப்படியே இருப்பதால் ஆம்பியர் ஏறும், காயில் சூடாகும். குறைந்த வோல்டேஜுக்கென்றே அகலமான வரம்பில் சுற்றிய மோட்டார்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள். மீட்டரிலிருந்து கிணறு தூரம் என்றால் கேபிளின் தடிமனைக் குறைக்காதீர்கள். பைப்பில் நடந்த அதே திருட்டு ஒயரிலும் நடக்கும். இரண்டு மூன்று எச்பி வரை ஒருமுனை போதும். அதற்கு மேல் மும்முனை கிடைத்தால் அதுதான் நல்லது, கபாசிட்டர் தொல்லையும் இல்லை.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று தேவைக்கு மேல் ஹெட் உள்ள பம்பை வாங்கும் பழக்கமும் காயிலைக் கொல்கிறது. 30 மீட்டர் போதுமான இடத்தில் 60 மீட்டர் பம்பை வைத்தால் பத்திரம் என்று தோன்றும். சாதாரண இம்பெல்லர் பம்பில் நடப்பது தலைகீழ். எதிர்ப்பு குறைந்ததும் அது தன் அளவை மீறித் தண்ணீரைத் தள்ளும், மோட்டார் ஆம்பியரை அள்ளி இழுக்கும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடியதும் ஆம்பியர் மீட்டர் முள் இறங்கினால் இதுதான் காரணம்.

கடையில் பட்டியலைக் கேளுங்கள். ஹெட் ஒரு வரிசையிலும், டிஸ்சார்ஜ், அதாவது வெளிவரும் தண்ணீர், ஒரு வரிசையிலும் இருக்கும். அதிகபட்ச ஹெட்டையும் அதிகபட்சத் தண்ணீரையும் சேர்த்து வாசித்து மகிழ்பவர் நிறையப் பேர். இரண்டும் ஒன்றாக வராது. அதிகபட்ச ஹெட்டில் தண்ணீர் சுழியம். உங்கள் ஹெட் அந்தப் பட்டியலின் நடுப்பகுதியில் விழுகிற பம்பாக எடுங்கள். மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அது சமாளிக்கும், திறனும் அங்கேதான் அதிகம்.

பெரிதா, சிறிதா

கரண்ட் நாளுக்கு நான்கைந்து மணி நேரமே வரும் இடத்தில் பெரிய மோட்டார் போடும் விவசாயியை அறியாதவர் என்று சொல்லமாட்டேன். கிடைக்கிற நேரத்துக்குள் இறைத்தாக வேண்டும். அவர் கணக்கு அவருக்குச் சரி. ஆனால் அந்தப் பெரிய மோட்டார் ஊற்றை மிஞ்சினால் மட்டம் சரிந்து ஹெட் கூடி, ஒவ்வொரு குடத்துக்கும் கூடுதல் மின்சாரம் கொடுக்க வைக்கும், கடைசியில் காய்ந்து ஓடும். மணிக்கு 8,000 லிட்டர் ஊறும் போரில் மணிக்கு 7,000 லிட்டர் எடுக்கும் சின்ன மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் 70,000 லிட்டர். 20,000 லிட்டர் பம்பு அரை மணி ஓடி ஒரு மணி காத்திருந்தால் ஆளும் ஒருவர் காவல் நிற்கவேண்டும், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் காயில் அடி வாங்கும். கரண்ட் நேரம் போதாத இடத்துக்கு நான் சொல்லும் வழி சின்ன மோட்டாரும் ஒரு தொட்டியும்தான்.

பழைய மோட்டாரின் காயிலைப் புதிதாகச் சுற்றி ரீவைண்டிங் செய்வதா, புதிது வாங்குவதா என்றும் கேட்பார்கள். அதே தடிமன் கம்பி, அதே சுற்று, காயிலைக் கழற்ற இரும்புத் தகடுகளை நெருப்பில் காய்ச்சாமல் வேலை செய்யும் கடை என்றால் ஒரு முறை கட்டலாம். மூன்றாவது முறைக்கு வந்துவிட்டதென்றால் காரணம் காயில் அல்ல. ஹெட், வோல்டேஜ், மணல், இவற்றில் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்காமல் புதிது வாங்கினால் அதுவும் அதே வழியில் போகும்.

புது மோட்டார் இறக்கிய அன்றே ஒன்று செய்துவிடுங்கள். 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிரம்புகிறது, அப்போது ஆம்பியர் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எத்தனை அடியில். மூன்றையும் தேதியோடு ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள். எங்கள் பெட்டியில் 24 என்று இருக்கிறது. ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் டிரம்மை வைத்துப் பார்க்கிறேன். மட்டமும் ஆம்பியரும் அப்படியே இருக்க, நொடி மட்டும் 30-ஐத் தாண்டினால் இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்கும் நாள் வந்துவிட்டது.